வீடியோ காமிராவும் கணிப்பொறியும்: இணைப்பில் நேரும் கோளாறுகள்

கையில் எடுத்துச் செல்லத்தக்க வீடியோ பதிவுக் கருவி இன்று பள்ளிகளிலும் களப்பணி நிலையங்களிலும் சாதாரணமாகப் புழங்கும் பொருளாகிவிட்டது. இதற்குத் திருவனந்தபுரம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். கேரள அரசு 1988-இல் உருவப்படத் தொழில்நுட்பத்திற்கென்றே நிறுவிய சி-டிட் என்னும் நிறுவனம் அந்நகரைச் சேர்ந்த திருவல்லத்தில் இருக்கிறது. 2004 செப்டம்பரில் எஜுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டபின், அதன் துணைகொண்டு பாடங்களை ஒளிபரப்பும் விக்டர்ஸ் கல்வித் தொலைக்காட்சியைக் குடியரசுத் தலைவராயிருந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் 2005 ஜூலை 28-ஆம் நாள் தொடங்கி வைத்தார். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூன் 1 முதல், ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்னும் பெயரில் வகுப்புப் பாடங்கள் முழுவதும் இத்தொலைக்காட்சியின் வாயிலாகவே மாணவர் இல்லங்களை அடைந்தன. இப்பணிகளை நடத்தும் கைட் நிறுவனம் 2018-இல் உயர்நிலைப் பள்ளிகளில் அமைத்த ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் குழுக்களோ, டி.எஸ்.எல்.ஆர். காமிராவைத் தாமே கையாண்டு, கேடன்லைவ் என்னும் கட்டற்ற மென்பொருளில் படத்தைத் தொகுத்துப் பழகுகின்றன.

கருவிகள் பரவிய வேகத்தில் அவற்றின் கோளாறுகளைப் பற்றிய அறிவு பரவவில்லை. பள்ளி விழாவோ, ஒரு கிராமத்துச் செயல்முறை விளக்கமோ செவ்வனே பதிவு செய்யப்படுகிறது. மறுநாள் காமிராவைக் கணிப்பொறியுடன் பிணைத்துத் தொகுப்பு மென்பொருளைத் திறந்தால், படம் இருக்கவேண்டிய கட்டம் கறுத்து வெறுமையாய் நிற்கிறது. உடனே மென்பொருளின் மீது பழி விழுகிறது. அதனை நீக்கி மீண்டும் நிறுவுகிறார்கள், வேறொன்றைத் தேடி நிறுவுகிறார்கள், அரைநாள் கழிகிறது. பெரும்பாலான சமயங்களில் குற்றம் அங்கே இருப்பதில்லை.

காமிராவிலிருந்து கணிப்பொறிக்குப் படம் செல்லும் வழிகள் இரண்டு உள்ளன. அவை ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறானவை என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஒன்று, ஓடிவரும் படத்தை ஓடும்போதே பிடித்துக்கொள்வது. மற்றொன்று, முன்னரே கோப்பாக இருக்கும் படத்தை அப்படியே பிரதி எடுப்பது. தெருக்குழாயில் குறித்த நேரத்தில் வரும் நீரைக் குடத்தில் பிடிப்பதற்கும், பக்கத்து வீட்டில் நிறைந்திருக்கும் குடத்தைத் தூக்கி வருவதற்கும் உள்ள வேறுபாடே இங்கும் உண்டு. குழாயடியில் குடம் சற்று நகர்ந்தால் நீர் தரையில் போய்விடும். நிறைகுடத்தை வழியில் இறக்கி வைத்து மீண்டும் எடுக்கலாம். நாடாவில் பதியும் பழைய காமிரா முதல் வகை. நினைவக அட்டையில் பதியும் புதிய காமிரா இரண்டாம் வகை. ஒன்றுக்குரிய சோதனைகளை மற்றதன்மேல் செய்வதாலேயே பெரும்பாலான நேரம் வீணாகிறது.

இன்று பள்ளிகளில் இருப்பவை பெரும்பாலும் அட்டைக் காமிராக்களே. இவற்றைப் பொறுத்தவரை, தொகுப்பு மென்பொருளுக்கும் காமிராவுக்கும் இடையே எவ்விதத் தொடர்பும் தேவையில்லை. கணிப்பொறி அட்டையைக் கண்டுகொண்டால் போதும். கோப்புகளை வன்தட்டில் பிரதி எடுத்தபின் மென்பொருள் அவற்றைத் திறந்துகொள்ளும். ஆகவே, ‘மென்பொருளுக்குக் காமிரா தெரியவில்லை’ என்னும் முறையீட்டிற்கு இங்கே பொருளே இல்லை. கேட்கவேண்டிய வினா, கணிப்பொறிக்குக் காமிரா தெரிகிறதா என்பதுதான். கேரளப் பள்ளிகளில் உள்ளது போன்ற லினக்ஸ் கணிப்பொறியாயின், முனையத்தைத் திறந்து ‘எல்எஸ்யுஎஸ்பி’ என்னும் கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்தில் இட்டால், இணைந்துள்ள கருவிகள் யாவும் பட்டியலாகத் தோன்றும். காமிராவைச் செருகுவதற்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் இக்கட்டளையை இட்டு, புதியதாக ஒரு வரி கூடியிருக்கிறதா என்று நோக்கவேண்டும்.

வரி கூடவில்லையெனில், முதலில் ஐயுறவேண்டியது கேபிளை. யு.எஸ்.பி. கேபிளின் அடிப்படை அமைப்பில் நான்கு கம்பிகள் இருக்கவேண்டும். இரண்டு மின்சாரத்திற்கு, இரண்டு தரவுக்கு. மலிவாகக் கிடைக்கும் சில கேபிள்கள் மின்னேற்றத்திற்காக மட்டுமே செய்யப்பட்டவை. அவற்றுள் தரவுக் கம்பிகள் இரா. புறத்தோற்றத்தில் இரண்டிற்கும் வேறுபாடு தெரியாது. அக்கேபிளால் ஒரு கைப்பேசியை இணைத்து அதன் கோப்புகள் தெரிகின்றனவா என்று பார்த்தால் உண்மை விளங்கிவிடும். கேபிள் நல்லதாக இருந்தும் வரி கூடாவிட்டால், வேறொரு துளையில் செருகிப் பார்க்கவேண்டும்; காமிரா விழித்திருக்கிறதா, பார்வை நிலையில் இருக்கிறதா என்றும் கவனிக்கவேண்டும். சோதனையில் ஒருசமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். கேபிளையும் துளையையும் ஒருங்கே மாற்றிவிட்டுப் பழுது நீங்கியது என்றால், எது பழுது என்பது தெரியாமலே போய்விடும். பழுதான கேபிள் மீண்டும் பெட்டிக்குள் சென்று அடுத்த மாதம் வேறொருவரைத் துன்புறுத்தும்.

வரி தோன்றியும் கோப்புகள் திறக்க மறுப்பது மற்றொரு நிலை. காமிரா தன்னை இரண்டு விதமாகக் கணிப்பொறிக்கு அறிமுகம் செய்துகொள்ளக்கூடும். ஒன்று, சாதாரண வட்டைப்போல. மற்றொன்று, படங்களைக் கேட்டால் மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும் காமிராவாக. இரண்டாவது முறையில், கோப்பின் நடுப்பகுதிக்கு விரும்பியபடி தாவிச் செல்வது எளிதன்று. தொகுப்பு மென்பொருளின் வேலையோ அவ்வாறு தாவித்தாவிப் படிப்பதே. ஆகவே காமிராவில் இருந்தவாறே கோப்பை மென்பொருளில் திறக்க முயன்றால், படம் திக்கும், நிற்கும், அல்லது மென்பொருளே உறைந்துவிடும். அப்படியே ஒருவாறு திறந்து தொகுத்து முடித்தாலும், காமிராவைக் கழற்றியவுடன் ‘கோப்பைக் காணவில்லை’ என்னும் செய்திதான் எஞ்சும். முதலில் பிரதி, பின்னரே தொகுப்பு என்னும் வழக்கத்தை மேற்கொண்டால் இத்தொல்லை முழுவதும் ஒழியும். சில நூறு ரூபாயில் கிடைக்கும் அட்டை படிப்பான் ஒன்று இருந்தால் காமிராவையே இவ்விவகாரத்திலிருந்து விலக்கிவிடலாம். காமிராவின் துளையும் மின்கலமும் தேயாமல் இருப்பது கூடுதல் நன்மை.

பிரதி எடுக்கையில் அட்டையிலுள்ள கோப்புறை அமைப்பைக் கலைக்காமல் முழுவதையும் எடுப்பதே முறை. ஏ.வி.சி.எச்.டி. வகைக் காமிராக்கள் நீண்ட பதிவைப் பல துண்டுகளாக வெட்டி வைக்கின்றன. அத்துண்டுகள் எவ்வாறு தொடர்கின்றன என்னும் குறிப்பு வேறு கோப்புகளில் இருக்கும். பெரிய கோப்புகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டால், துண்டுகள் சேருமிடத்தில் ஒலி ஒரு கணம் அறுபடக்கூடும். பழைய டி.எஸ்.எல்.ஆர். காமிராக்களில் பல, 29 நிமிடம் 59 விநாடியில் பதிவைத் தாமே நிறுத்திக்கொள்வதும் இங்கே குறிப்பிடத்தக்கது. இதனைப் பழுதென்று எண்ணிப் பழுதுபார்ப்பவரிடம் காமிராவைக் கொண்டு செல்வோர் உண்டு. 30 நிமிடமும் அதற்கு மேலும் தொடர்ந்து பதியும் கருவியை வீடியோ காமிரா என வகைப்படுத்தி ஐரோப்பிய ஒன்றியம் சுங்கவரி விதித்தது. அவ்வரியைத் தவிர்க்கவே உற்பத்தியாளர் இவ்வெல்லையை வைத்தனர். இதில் விஞ்ஞானம் ஏதும் இல்லை. பாடம் நடத்தும் ஆசிரியர் இருபத்தைந்தாம் நிமிடத்தில் ஓர் இடைவெளி விடுவதே எளிய பரிகாரம்.

கைப்பேசியில் பதிந்த படத்தைச் சேர்க்கும்போது நேரும் கோளாறு சற்று நுட்பமானது. தொடக்கத்தில் உதட்டசைவும் குரலும் ஒன்றியிருக்கும், போகப்போக விலகும். கைப்பேசி தன் வசதிக்கும் வெளிச்சத்திற்கும் ஏற்ப, விநாடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் பதிவதே இதன் காரணம். ஒலியோ மாறா வேகத்தில் பதிவாகிறது. கேடன்லைவ் இத்தகைய கோப்பைக் கண்டால் எச்சரித்து, சீரான எண்ணிக்கைக்கு மாற்றித்தர முன்வரும். அவ்வெச்சரிக்கையை மூடிவிடாமல் இசைவளித்தல் நலம்.

இனி நாடாக் காமிராவுக்கு வருவோர் மிகுந்த கவனம் கொள்ளவேண்டும். இங்கே நேரும் பிழை, நேரத்தை மட்டுமன்றிப் பதிவையே அழித்துவிடக்கூடும். 1995-இல் சோனி வெளியிட்ட வி.எக்ஸ். 1000 போன்ற கருவிகளுடன் தொடங்கிய மினி டி.வி. நாடாக்கள், அடுத்த பதினைந்து ஆண்டுக்காலம் உலகெங்கும் ஆவணப்படம் எடுப்போர், ஆய்வாளர், களப்பணியாளர் ஆகியோரின் கருவியாக விளங்கின. அக்காலத்துப் பேட்டிகளும், நாட்டார் கலைகளும், வகுப்பறைக் காட்சிகளும் இன்றும் நிறுவனங்களின் அலமாரிகளில் நாடாவாகவே கிடக்கின்றன. நாடா இருந்தும் அதனைப் படிக்கும் காமிராவும், காமிராவை ஏற்கும் கணிப்பொறியும் அருகி வருகின்றன. ஆப்பிள் நிறுவனம் 2025-இல் வெளியிட்ட டஹோ இயக்க முறைமையில் இவ்விணைப்புக்கான ஆதரவை நீக்கிவிட்டது. லினக்ஸில் இது இன்னும் உண்டு. அப்பகுதியைப் பராமரிப்பவர் 2029 வரை பேணுவதாகத் திட்டம் அறிவித்திருக்கிறார்.

இவ்விணைப்பின் பெயர் ஃபயர்வயர் என்பது. சோனி இதனை ஐ-லிங்க் என்று வழங்கிற்று. இந்நாட்டில் வழங்கும் பால் முறைப்படி ஒரு டி.வி. படம் 1,44,000 பைட் கொண்டது. விநாடிக்கு 25 படங்கள் வீதம் 36 லட்சம் பைட்டுகள் இடையறாது வரும்; ஒரு மணி நேர நாடா ஏறத்தாழ 13 ஜிகாபைட் இடத்தைக் கொள்ளும். ஃபயர்வயர் தன் காலத்தை விநாடிக்கு 8,000 சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூறிலும் காமிராவுக்கென்று ஓரிடத்தை ஒதுக்கி வைக்கிறது. தாமதமின்றி வந்து சேர்வதற்கு இதில் உறுதியுண்டு. ஆனால் வழியில் ஒன்று தவறினால் ‘மீண்டும் அனுப்பு’ என்று கேட்க வழியில்லை. நாடா அதற்குள் முன்னே ஓடியிருக்கும். படம் விடுபடுதல் என்னும் கோளாறு முழுவதற்கும் வேர் இதுவே. பிடிக்கும் நேரத்தில் கணிப்பொறியில் வேறு வேலை எதுவும் நடவாமலிருக்கவேண்டும் என்பதும், நிறைந்துபோன வட்டிலோ மெதுவான பென் டிரைவிலோ நேராகப் பிடிக்கலாகாது என்பதும் இக்காரணம் பற்றியே.

எந்தச் சோதனைக்கும் முன்னர், காசெட்டின் முதுகிலுள்ள சிறு தாழை ‘சேவ்’ என்னும் பக்கம் தள்ளிவிடவேண்டும். அதன்பின் எந்தப் பொத்தானைத் தவறி அழுத்தினாலும் நாடாவின்மேல் புதுப்பதிவு ஏறாது. பழுதைத் தேடும் பதற்றத்தில் காமிரா நிலையில் சிவப்புப் பொத்தானை அழுத்தி, இருபது ஆண்டுப் பழமையான பேட்டியின்மேல் மேசையின் விளிம்பைப் பதிவுசெய்துவிடுவது நடக்கக்கூடாத ஒன்றன்று.

நாடாக் காமிராவில் யு.எஸ்.பி. துளையும் இருப்பது பலரை ஏமாற்றுகிறது. இத்துளை பெரும்பாலான காமிராக்களில் நிழற்படங்களையோ, மங்கலான சிறு ஓட்டப்படத்தையோ அனுப்புவதற்கே அமைந்தது. நாடாவிலுள்ள முழுத்தரப் படம் ஃபயர்வயர் துளை வழியே மட்டும் வரும். ஒரு முனையில் யு.எஸ்.பி.யும் மறுமுனையில் ஃபயர்வயரும் கொண்டு விற்கப்படும் வெறுங்கேபிள்களை வாங்குதல் வீண் செலவு. இரண்டும் வெவ்வேறு மொழி பேசுவன; இடையே மொழிபெயர்க்கும் மின்சுற்று இல்லாமல் கம்பி மட்டும் எதையும் செய்யாது. மேசைக் கணிப்பொறியில் ஃபயர்வயர் அட்டை ஒன்றைப் பொருத்துவதே நம்பத்தக்க வழி.

கேபிளின் காமிரா முனை நான்கு ஊசி உடையது. கணிப்பொறி முனை பெரும்பாலும் ஆறு ஊசி. ஆறில் இரண்டு மின்சாரம் தருவன. அம்முனையின் ஒரு பக்கம் கூம்பியிருக்கும். அதனைத் தலைகீழாக வைத்துப் பலவந்தமாய் அழுத்தினால் மின்சாரம் தரவுக் கம்பிகளில் பாய்ந்து காமிராவின் சுற்றைக் கருக்கிவிடும். இன்றைய நிலையில் அக்காமிராவுக்கு மாற்று கிடைப்பதே அரிது. ஆகவே காமிராவையும் கணிப்பொறியையும் நிறுத்தி, கேபிளைப் பொருத்தி, பின்னர் இரண்டையும் இயக்குவதே பாதுகாப்பானது. கேபிளின் நீளம் நாலரை மீட்டரை மிஞ்சலாகாது.

காமிராவை மின்கலத்தால் அன்றிச் சுவர் மின்சாரத்தால் இயக்கி, வி.சி.ஆர். அல்லது பிளே என்னும் நிலையில் வைக்கவேண்டும். காமிரா நிலையில் நாடாவுடன் சும்மா விட்டால் சில நிமிடங்களில் அது தானே உறங்கிவிடும். இணைப்பு திடீரென அறுந்தது போலத் தோன்றும். இவ்வளவும் சரியாயிருந்து லினக்ஸ் கணிப்பொறியில் காமிரா தெரிந்தும் மென்பொருள் மட்டும் மறுக்குமாயின், பயனருக்கு அக்கருவியைத் தொட அனுமதியில்லாமல் இருக்கலாம். ‘வீடியோ’ என்னும் பயனர் குழுவில் அவரைச் சேர்க்கும்படி நிர்வாகியைக் கேட்டுக்கொள்ளவேண்டும். பிடிப்பதற்கு டி.வி.கிராப் என்னும் சிறு கருவி போதுமானது; தொகுப்பு மென்பொருளைப் பின்னர்த் திறக்கலாம்.

கோளாறு வெளிப்படும் விதமே காரணத்தைச் சொல்லிவிடுவதும் உண்டு. ஒவ்வொரு முறையும் இருபதாம் நிமிடத்தருகே பிடிப்பு நின்றால் நாடாவைக் குறை கூறலாகாது. ஃபேட்-32 முறையில் அமைந்த வட்டு 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்பதில்லை, டி.வி. படம் அவ்வளவை எட்டுவது அந்நேரத்தில்தான். நாடாவின் ஒரே இடத்தில் எப்போதும் நின்றால், அங்கே காலக்குறி அறுந்திருக்கும். பதிவின் நடுவில் எடுத்ததைப் பின்னோட்டிப் பார்த்துவிட்டு, முடிந்த இடத்தைத் தாண்டிச் சற்று வெற்றிடம் விட்டு மீண்டும் பதிந்தவரின் கைவேலை அது. வெற்றிடத்தைத் தாண்டி நாடாவை நிறுத்தி, அங்கிருந்து புதிய கோப்பாகப் பிடிக்கவேண்டும். படத்தில் கட்டங்கட்டமாகச் சிதைந்த பட்டைகள் ஒன்றுவிட்டு ஒன்று தோன்றினால், சுழல் உருளையின் இரு தலைகளுள் ஒன்று அழுக்கேறியது என்று கொள்ளலாம். நிமிடத்திற்கு 9,000 முறை சுழலும் அவ்வுருளையின் தலைகள், பத்து மைக்ரான் அகலமே உள்ள தடங்களை மாறிமாறிப் படிக்கின்றன. ஒரு துகள் போதும் ஒன்றைக் குருடாக்க. உலர்வகைத் துப்புரவுக் காசெட்டைப் பத்து விநாடி மட்டும் ஓட்டவேண்டும். மிகுதியாக ஓட்டினால் தலை தேயும். எல்.பி. என்னும் நீட்டிப்பு முறையில் பதிந்த நாடாவில் தடம் இன்னும் குறுகலானது. ஒரு காமிரா எழுதியதை மற்றொன்று படிக்க மறுக்கலாம். பதிந்த காமிராவையே தேடிப்பிடித்தல் நல்லது.

திருவனந்தபுரம் போன்ற கடலோர நகரங்களில் காற்றின் ஈரம் தனியாகக் கவனிக்கத்தக்கது. குளிரூட்டிய அறையிலிருந்து நாடாவையோ காமிராவையோ வெளியே கொணர்ந்தால் உருளையின்மேல் பனித்துளி படியும். ஈரமான உருளையில் நாடா ஒட்டிக்கொண்டு கிழியும். காமிரா நீர்த்துளிக் குறியைக் காட்டி இயங்க மறுப்பது பழுதன்று, பாதுகாப்பு. காசெட் கதவைத் திறந்து வைத்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் பொறுத்திருக்கவேண்டும். நாடாவின் ஓரத்தில் வெண்பூஞ்சை தென்பட்டால் அதனைக் காமிராவுக்குள் இடவே கூடாது; அப்பூஞ்சை தலைகளில் ஒட்டி, அடுத்து வரும் நல்ல நாடாக்களையும் கெடுக்கும். அத்தகைய நாடாவைத் தனிப்பையில் இட்டு, துப்புரவு செய்யும் வசதியுள்ள நிலையத்திற்கு அனுப்பவேண்டும்.

நெடுநாள் ஓடாதிருந்த நாடாவை ஒருமுறை கடைசிவரை ஓட்டிப் பின்னோட்டியபின் பிடித்தால் அதன் இறுக்கம் சீராகும். நாடா நலிந்து காணப்பட்டாலோ, வெள்ளோட்டத்திற்கென்று வீணாக ஓட்டாமல், முதல் ஓட்டத்திலேயே பிடிக்க ஆயத்தமாயிருத்தல் வேண்டும். இரண்டாம் ஓட்டம் வாய்க்காமலும் போகலாம். பிடித்த கோப்பின் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று இடங்களையும் ஒலியுடன் கேட்டுப் பார்த்து, வேறொரு வட்டில் இரண்டாம் பிரதி வைத்து, கோப்பின் பெயரில் நாளும் இடமும் பதிந்தவர் குறிப்பும் இட்டபின், காசெட்டை உறையிலிட்டு நிமிர்த்தி வைக்கவேண்டும். கோப்பு கிடைத்துவிட்டதென்று நாடாவை எறிந்துவிடலாகாது.